உட்கார முடியுதாம்மா?

அந்தப் பெண் ஸ்டூலில் உட்காரவில்லை. கைக்குழந்தையோடு ஓ.பி. வரிசையில் நின்றவள், தன் முறை வந்ததும் என் மேசைக்கு முன்னாலும் வந்து நின்றாள். "உட்காரும்மா" என்றேன். "பரவாயில்லம்மா, நிக்கிறேன்" என்றாள். குழந்தைக்குக் கண்ணில் பீளை கட்டுகிறது என்றுதான் வந்திருந்தாள். தனக்கு இன்னது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட வந்திருந்த தாயார்தான் என் காதருகே குனிந்து, "பன்னெண்டு நாளாச்சு டாக்டரம்மா, பிள்ளை இன்னும் உட்கார மாட்டேங்குது. ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டுதான் பால் குடுக்குது" என்றார்.

திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தேன். சீழ் இல்லை. தையல் பிரியவில்லை. புத்தகத்தில் சொன்னபடி பார்த்தால் நன்றாக ஆறிய தையல்தான். ஆனால் ஒவ்வொரு முடிச்சும் தோலுக்குள் புதைந்து, சுற்றிலும் தோல் பள்ளமாகி, இரண்டு முடிச்சுகளுக்கு நடுவில் சதை மேடிட்டு நின்றது. மெத்தைக்குப் பொத்தான் வைத்துத் தைத்ததுபோல. பஞ்சால் தொட்டதற்கே தொடை இரண்டும் நடுங்கின.

அந்தத் தையலைப் போட்டது நான். 1985, ஹவுஸ் சர்ஜனாக லேபர் வார்டில் எனக்கு அது முதல் மாதம். போட்டு முடித்தபோது அசிஸ்டன்ட் மேடம் குனிந்து பார்த்து, "ஓரம் எல்லாம் அழகாச் சேர்ந்திருக்கு" என்று பாராட்டினார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. அவளோ சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை. அடுக்கின கணக்குக்குத்தான் கூலி. பதினாறாம் நாள் தொட்டில் போடும்போது மணையில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று பிறகு அந்தத் தாயார் வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு முப்பத்துச் சொச்சம் வருடம் அரசு மருத்துவமனைகளின் லேபர் வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எத்தனை தையல் போட்டிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. எந்த நூல், எந்த முறை நல்லது என்று இளைய டாக்டர்கள் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண் நின்ற நிலைதான் கண்முன் வருகிறது. மேசையில் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைத்துத் தையலை எடை போடக் கூடாது. பத்தாம் நாள் அவள் உட்காருகிறாளா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. கற்றுக்கொள்ளப் பல வருடம் பிடித்தது.

பெண்கள் "கீழ்த்தையல்" என்பார்கள். பிறப்புறுப்பின் வாசலுக்கும் மலவாசலுக்கும் நடுவில் இருக்கிற இரண்டு விரற்கடை இடம். பெரினியம் என்று நாங்கள் சொல்வோம். பிள்ளையின் தலை வெளியே வரும்போது இந்த இடம் காகிதம்போல மெலிந்து விரியும். சிலருக்குத் தானாகக் கிழியும். சிலருக்குக் கத்தரியால் வெட்டிவிடுவோம், அதுதான் 'எபி'. நான் படித்த காலத்தில் தலைப்பிரசவம் என்றால் எபி உண்டு. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்ற கேள்வியே கிடையாது. ட்ரேயில் கத்தரி தயாராக இருக்கும், வலி உச்சத்துக்கு வந்ததும் வெட்டுவோம். கிழிவதைவிட நேராக வெட்டினால் தைக்கச் சுலபம், சீக்கிரம் ஆறும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதை நாங்களும் அப்படியே அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

அப்போதைய தையல் மூன்று அடுக்கு. உள்ளே யோனிச் சுவர், நடுவில் தசை, மேலே தோல். மூன்றுக்கும் கேட்கட் என்ற நூல். சில யூனிட்டுகளில் தோலுக்கு மட்டும் கறுப்புப் பட்டு நூல். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அதைப் பிரிக்க வேண்டும். தையல் போடும்போது அழாத பெண்கள் பிரிக்கும்போது அழுவார்கள். காய்ந்த ரத்தத்தோடு ஒட்டிக் கிடக்கிற முடிச்சை இடுக்கியால் தூக்கி, அடியில் கத்தரி நுழைத்து வெட்ட வேண்டும். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு "மெதுவாம்மா, மெதுவாம்மா" என்பார்கள். பட்டு நூலை நான் இரண்டு வருடத்திலேயே விட்டுவிட்டேன்.

கேட்கட் என்று பெயரில் பூனை இருந்தாலும் நூலில் பூனை எதுவும் இல்லை. ஆடு மாடுகளின் குடல் படலத்தை முறுக்கிச் செய்த நூல். குரோமிய உப்பில் ஊறவைத்தால் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும். பாக்கெட்டைக் கிழித்ததும் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறும். நூல் சுருண்டு விறைப்பாக இருக்கும், சலைனில் நனைத்து நீவித்தான் எடுப்போம். முடிச்சுப் போட்டு வெட்டினால் வால் இரண்டும் முள்போலக் குத்திட்டு நிற்கும். உடம்புக்கு அது அந்நிய மாமிசம். அதனால் உடம்பு அதைச் சிதைத்துக் கரைக்கும்போது அந்த இடம் சிவந்து வீங்கும். தையல் போட்டதால் வந்த வலி பாதி, நூலைக் கரைக்க உடம்பு படும் பாட்டால் வந்த வலி பாதி. இது எங்களுக்கு அப்போது தெரியாது. ஸ்டோரில் கேட்கட்தான் வரும், அதைத்தான் போட்டோம்.

லேபர் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். நான் பிறக்கும் முன்பே பிரசவம் பார்க்க ஆரம்பித்தவர். ஒருநாள் நான் முடிச்சை இழுத்துக் கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "டாக்டர், கொஞ்சம் விட்டுப் பிடிங்க. நாளைக்கு அந்த இடம் வீங்கும். இன்னைக்கு இறுக்கமா இருந்தா நாளைக்கு அறுக்கும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். ரத்தம் கசிகிறதே, ஓரம் சேர வேண்டாமா என்று நினைத்தேன். ஆனால் அன்றிரவு வார்டு ரவுண்டில் காலையில் தைத்த பெண்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லோருக்கும் வீங்கியிருந்தது. வீக்கத்துக்குள் முடிச்சுகள் புதைந்து கிடந்தன.

இந்தத் தொழிலின் ரகசியம் முழுவதும் சிஸ்டரின் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. பிள்ளை பெற்ற இடம் முதல் ஒன்றிரண்டு நாள் வீங்கியே தீரும். தனித்தனி முடிச்சாகப் போட்டால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு சுருக்குக் கயிறு. வீங்குகிற சதைக்குப் போக்கிடம் இல்லை. அது நூலில் அறுபட்டு, ரத்த ஓட்டம் குறைந்து, வலியாகிறது. புதுச் செருப்பு வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு பத்து மைல் நடந்தவர்களுக்கு இது புரியும்.

வேறொன்றும் அந்த நாட்களில் நடந்தது, சொல்லாமல் விட முடியாது. மரத்துப்போக ஊசி போடாமல் தைப்பது, அல்லது ஊசி போட்ட கையோடு காத்திருக்காமல் தைப்பது. "பிள்ளை பெத்த வலியைத் தாங்கினவளுக்கு இது ஒரு வலியா?" என்று சீனியர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மேசை காலியாக வேண்டும், வாசலில் அடுத்தவள் முக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது உண்மைதான். ஆனால் மரத்துப்போகப் போடுகிற லிக்னோகெய்ன் வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடம் போதும். அந்த நேரத்தில் நஞ்சு முழுதாக வந்ததா என்று பார்க்கலாம், குழந்தையைத் தாயின் நெஞ்சில் போடலாம். தைப்பதற்கு முன் ஊசி முனையால் மெல்லத் தொட்டு "தெரியுதாம்மா?" என்று கேட்க வேண்டும். தெரிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் மருந்து. வலியில் இடுப்பைத் தூக்கித் துள்ளுகிற பெண்ணுக்கு எவ்வளவு கைதேர்ந்தவராலும் நல்ல தையல் போட முடியாது. துள்ளுவதால் தையல் கோணுகிறது, கோணியதற்கு அவளையே திட்டுகிறோம். அந்தத் திட்டை நானும் திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு கூசுகிறது.

மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மாற்றலாகிப் போனபோது ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். ஊசி போடும் அறை வாசலில் போய் நின்று, நம் ஆஸ்பத்திரியில் பிரசவமானவர்களிடம் ஒரே கேள்வி கேட்பேன்: "பத்தாம் நாளு உட்கார முடிஞ்சுதாம்மா?" கிராமத்து நர்சம்மாக்களிடமும், வீடு பார்க்கப் போகும்போது இதைக் கேளுங்கள் என்று சொல்லிவைத்தேன். ஆராய்ச்சி என்று சொல்லும் அளவுக்கு அதில் ஒழுங்கு கிடையாது. ஆனால் அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அந்தச் சொற்களில் ஒரு விஷயம் பிடிபட்டது. தோலில் தனித்தனி கேட்கட் முடிச்சு போட்டவர்கள் பெரும்பாலும் "குத்துது" என்றார்கள். இறுக்கிப் போட்டிருந்தால் "இழுக்குது". பிறகு விக்ரைல் என்ற நூல் வந்த காலத்தில் "நூல் உரசுது, எடுத்து விடுங்க" என்று ஒன்றரை மாதம் கழித்தும் வந்தார்கள். தோலைத் தைக்காமல் விட்டவர்கள் "ஒன்னுக்குப் போனா எரியுது" என்றார்கள், அதுவும் முதல் சில நாளோடு சரி. வலி என்று பொதுவாகச் சொன்னவர்கள் குறைவு. எந்தத் தையல் என்று கேஸ் ஷீட்டைப் பார்க்காமலே அவர்கள் சொல்லும் சொல்லை வைத்து என்னால் ஊகிக்க முடிந்தது. நோயாளி தன் வாயால் சொல்வதைவிட நுட்பமான கருவி எங்கள் ஆஸ்பத்திரியில் வேறு இருக்கவில்லை.

விக்ரைல் 1970-களிலேயே சந்தைக்கு வந்த செயற்கை நூல். எங்கள் ட்ரேக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. ஊதா நிறம், கையில் பட்டுப்போல வழுக்கும். உடம்பு இதைத் தின்று கரைப்பதில்லை, உடம்பில் இருக்கிற நீரே மெல்லக் கரைக்கிறது. அதனால் வீக்கம் குறைவு. முதல் வாரத்திலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் முழுதாகக் கரைய இரண்டு மாதம் போல ஆகும். பெரினியம் ஆற அவ்வளவு நாள் நூல் தேவையில்லை. மிச்ச நாள் முழுக்க அது அங்கே வெறும் உறுத்தல்தான். 'உரசுது' என்று வந்தவர்களுக்கு நாங்கள் கத்தரித்து எடுத்துவிட்டோம்.

அதற்கடுத்து வந்தது ரேபிட் விக்ரைல். அதே நூல், காமா கதிரில் வைத்து வலுவைக் குறைத்தது. சாயம் இல்லாமல் வெள்ளையாக இருக்கும். ஐந்தாம் நாளில் பாதி வலு போய்விடும், இரண்டு வாரத்தில் பிடிப்பே இருக்காது, ஆறு வாரத்தில் கரைந்துவிடும். இந்த இடத்துக்கென்றே அளந்து செய்ததுபோல இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு கட்டுரையின் நகல் கைக்குக் கிடைத்தது. இங்கிலாந்தில் கிறிஸ்டின் கெட்டில் என்பவர் 2002-இல் லான்செட் இதழில் எழுதியது. அவர் ஒரு மிட்வைஃப். பிரசவம் பார்க்கிற, தாய்மாரின் படுக்கையருகே நிற்கிறவர் கேட்ட கேள்வி என்பதாலேயே அது என்னை ஈர்த்தது. 1,542 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கப்படி தனித்தனி முடிச்சு. மறுபாதிக்கு ஒரே நூலில் இறுக்காமல் ஓடுகிற தொடர் தையல். இரண்டு தரப்பிலும் சிலருக்குச் சாதா விக்ரைல், சிலருக்கு ரேபிட். கேள்வி கேட்ட நாள் பத்தாம் நாள். தனி முடிச்சுப் போட்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு வலி இருந்தது. தொடர் தையல் போட்டவர்களில் 27 பேருக்குத்தான். ரேபிட் நூல் போட்டவர்களில் பிறகு நூலை எடுக்க வேண்டி வந்தவர்களும் வெகு குறைவு. என் கோடு போட்ட நோட்டில் சொற்களாக இருந்தது அங்கே எண்ணாக இருந்தது. ஆறு பேருக்கு முறையை மாற்றிப் போட்டால் ஒருத்திக்கு வலி மிச்சம். ஒரு நாளைக்கு ஆறு தையல் போடுகிற லேபர் வார்டுகள் நம் ஊரில் எத்தனை!

அதைக் கற்றுக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் தைத்த கை. முதலில் ஒரு ஸ்பாஞ்சைக் கீறிவைத்து வீட்டில் உட்கார்ந்து பழகினேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், படிப்பவர்களில் இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர்களும் இருக்கலாம்.

வெட்டு உள்ளே எங்கே முடிகிறதோ அந்த நுனிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே தொடங்க வேண்டும். அறுபட்ட ரத்தக்குழாய் உள்ளே சுருங்கி ஒளிந்திருக்கும், நுனியை விட்டுவிட்டால் உள்ளே ரத்தம் கட்டும். அங்கே ஒரு முடிச்சு. பிறகு பூட்டுப் போடாமல், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் நூலை வளையத்துக்குள் விட்டு இழுக்காமல், யோனிச் சுவரைச் சும்மா சேர்த்துக்கொண்டே வாசல் வரை வர வேண்டும். வாசலில் ஊசியை அடியில் இறக்கினால் தசைக்குள் வந்துவிடலாம். அதே நூலில் தசையைக் கீழ்நோக்கிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், நடுவில் குழி விழக் கூடாது. அடிமுனைக்கு வந்ததும் திரும்பி, தோலுக்குச் சற்று அடியில், தோலைத் துளைக்காமல், மேல்நோக்கி வர வேண்டும். வலியை உணருகிற நரம்பு நுனிகள் தோலில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஊசி அதைத் தொடாமல் போனால் பாதி வலி போயிற்று. கடைசி முடிச்சை வாசலுக்கு உள்ளே கொண்டுபோய்ப் போட வேண்டும், உட்கார்ந்தால் அழுந்தாத இடத்தில். மொத்தத்துக்கும் ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. வீக்கம் வந்தால் நூலின் முழு நீளத்துக்கும் பரவி விட்டுக்கொடுக்கும். பெரும்பாலும் ஒரே பாக்கெட் நூலில் முடிந்துவிடும், அதனால் ஸ்டோருக்கு இண்டெண்ட் எழுதும்போதும் எனக்கு ஒரு வாதம் கிடைத்தது.

முதன்முதலாக அப்படித் தைத்து முடித்தபோது வெளியே ஒரு முடிச்சும் தெரியவில்லை. தோலின் ஓரங்கள் லேசாக விலகியே இருந்தன. டியூட்டி பிஜி மாணவி தயங்கித் தயங்கி, "மேடம், இன்னும் ஒண்ணு ரெண்டு போடலாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். என் கையும் போடத்தான் துடித்தது.

தோலையே தைக்காமல் விடலாமா என்பதையும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் 1,780 பெண்களிடம் செய்த ஆய்வு, 1998-இல் வெளிவந்தது. உள்ளே தசை வரை தைத்துவிட்டு, தோலின் ஓரங்கள் அரை சென்டிமீட்டருக்குள் தானாகச் சேர்ந்து நின்றால் விட்டுவிடுவது. பத்தாம் நாளில் பார்த்தால் இவர்களுக்குத் தோல் கொஞ்சம் வாய் திறந்திருந்தது. ஆனால் மூன்று மாதத்தில் வலியில்லாமல் கணவனோடு சேர முடிந்தவர்கள் இவர்களில்தான் கூடுதல். அந்த விஷயத்தை நம் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் பல வருடம் கேட்டதில்லை. ஒருத்தி மட்டும், கதவைச் சாத்திவிட்டு, "அவுக பக்கத்துல வந்தாலே பயமா இருக்கும்மா" என்றாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தைத்த இடத்தில் வாசல் இறுகி வடுவாகியிருந்தது. ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டு வாசலை இறுக்கிவிடுவது புருஷனுக்கு நல்லது என்று ஒரு பேச்சு இந்தத் தொழிலில் உண்டு, உலகம் முழுக்க உண்டு. அது அக்கிரமம். அவள் உடம்பை அவளைக் கேட்காமல் இறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

பசையைப் பற்றியும் கேட்கிறார்கள். சயனோஅக்ரிலேட் என்ற பொருள், வீட்டில் உடைந்ததை ஒட்டும் பசையின் குடும்பம்தான், மருத்துவத்துக்கென்று தனியாகச் செய்தது. மேலோட்டமான தோல் கிழிசலுக்கு நல்லது. ஊசி இல்லை, நேரம் குறைவு, ஒரு வாரம் பத்து நாளில் உரிந்துவிடும். பணியின் கடைசி வருடங்களில் சிலருக்குப் போட்டிருக்கிறேன். போடும்போது சுருக்கென்று சூடு தெரியும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனால் இடம் உலர்ந்திருக்க வேண்டும். பிள்ளை பெற்ற இடத்தில் ரத்தம் ஊறிக்கொண்டேயிருக்கும், அதை நிறுத்திப் பிடித்து ஒட்டுவது பெரிய வேலை. தசையைப் பசையால் சேர்க்க முடியாது. உள்ளே ஒழுங்காகத் தைத்துவிட்டுத் தோலுக்கு மட்டும் பசை என்றால் சரி. பசை இருக்கிறதே என்று உள்ளே அவசரப்படுவதாக இருந்தால் அது வேண்டாம்.

இவ்வளவு நூலையும் முறையையும் பற்றிச் சொன்னேன். ஆனால் என் கையால் நேர்ந்த பெரிய கெடுதலுக்கு நூல் காரணமில்லை.

ஒரு மழைக்கால இரவு. கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஓடவில்லை. ஆயா டார்ச் பிடிக்க நான் தைத்தேன். ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை, மூன்றே முக்கால் கிலோ. கிழிசல் ஆழமாக இருந்தது, தசை வரைதான் என்று நினைத்துத் தைத்து முடித்தேன். மலவாசலில் விரல் விட்டுப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வந்தார். "கோயிலுக்கு வரமாட்டேங்குறா, விசேஷ வீட்டுக்கு வரமாட்டேங்குறா. எப்பப் பார்த்தாலும் குளிக்கிறா" என்றார். அவள் தலையைக் குனிந்தபடி நின்றாள். காற்று அடங்கவில்லை, சில சமயம் மலமும் அடங்கவில்லை. மலவாசலைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற தசைவளையம் அன்றே அறுந்திருக்கிறது. அறுந்தால் அதன் இரண்டு முனையும் பக்கவாட்டில் உள்ளே இழுத்துக்கொண்டு ஒளிந்துவிடும். முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது. விரலை உள்ளே விட்டு, கட்டைவிரலால் வெளியே உருட்டிப் பார்த்தால்தான் வளையம் இருக்கிறதா இல்லையா என்று பிடிபடும். அரை நிமிட வேலை. நான் செய்யவில்லை.

மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, அங்கே மறு ஆபரேஷன் செய்தார்கள். ஓரளவு சரியாயிற்று. முழுதாகச் சரியாயிற்று என்று என்னால் சொல்ல முடியாது. அவளிடம், "அன்னைக்கு நான் பார்த்திருக்கணும்மா, பார்க்கலை" என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

லண்டனில் அப்துல் சுல்தான் என்ற டாக்டர் 1993-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். தலைப்பிரசவமானவர்களுக்கு மலவாசல் வழியாக ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் நூற்றுக்கு 35 பேருக்கு அந்தத் தசைவளையத்தில் கண்ணுக்குத் தப்பிய சேதம் இருந்தது. அந்தக் கட்டுரையை நான் முன்பே படித்திருந்தால் என்று நினைத்திருக்கிறேன். அந்த இரவுக்குப் பிறகு, சின்னக் கிழிசலோ பெரிய கிழிசலோ, தைப்பதற்கு முன் ஒரு தடவை, தைத்த பின் ஒரு தடவை விரல் வைத்துப் பார்க்காமல் நான் மேசையை விட்டு எழுந்ததில்லை. முன்னால் பார்ப்பது வளையத்துக்காக. பின்னால் பார்ப்பது, ஊசி தவறிப்போய் மலக்குடலுக்குள் நூல் போயிருக்கிறதா என்று. வளையம் அறுந்திருந்தால் லேபர் வார்டில் தைக்கக் கூடாது. தியேட்டருக்குக் கொண்டுபோய், முதுகில் மயக்க ஊசி போட்டு, நல்ல வெளிச்சத்தில் அனுபவசாலி தைக்க வேண்டும். அதற்கு ரேபிட் நூல் உதவாது, நீண்ட நாள் நிற்கிற நூல் வேண்டும். ஒரு நூல் நல்லது என்றால் எல்லா இடத்துக்கும் நல்லது என்று ஆகாது.

எபி வெட்டுவதையே குறைத்ததுதான் என் காலத்தில் நடந்த பெரிய மாற்றம். 1742-இல் டப்ளினில் ஃபீல்டிங் ஊல்ட் என்ற பிரசவ மருத்துவர், பிள்ளை வெளியே வரவே முடியாத இக்கட்டில் செய்ய வேண்டியது என்று இந்த வெட்டைப் பற்றி எழுதினார். 1920-இல் சிகாகோவில் டிலீ என்ற பிரசவ மருத்துவர் எல்லாத் தலைப்பிரசவத்துக்கும் முன்னெச்சரிக்கையாகப் போடலாம் என்றார். இக்கட்டுக்குச் செய்தது வழக்கமாகிவிட்டது. அர்ஜென்டினாவில் 2,606 பெண்களிடம் பார்த்த ஆய்வு 1993-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் வெட்டு என்ற பக்கம் நூற்றுக்கு 83 பேருக்கும், தேவைப்பட்டால் மட்டும் என்ற பக்கம் 30 பேருக்கும் வெட்டினார்கள். வெட்டைக் குறைத்ததால் மலவாசல் வரை போகும் பெரிய கிழிசல் கூடவில்லை. இன்று உலக சுகாதார நிறுவனமும் வழக்கமாக வெட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் ஒத்திப் பிடித்து, தலை வெளியே வரும் நேரத்தில் அவசரப்படுத்தாமல் கை கொடுத்தால் பலர் ஒரு தையலும் இல்லாமல் எழுந்து போகிறார்கள். அந்த மூத்த சிஸ்டர் இதையும் செய்துகொண்டுதான் இருந்தார். நாங்கள் கத்தரியை எடுக்கும்போது அவர் மெல்ல ட்ரேயை நகர்த்திவைப்பார்.

வீட்டில் நடப்பதும் தையலின் ஒரு பகுதி. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று தம்ளரை அளந்து கொடுக்கிறார்கள். காய் கீரை ஆகாது, பழம் ஆகாது. நாலாம் நாள் மலம் கல்லாகிறது. அவள் முக்கும்போது அத்தனை இழுப்பும் தையலில்தான் விழுகிறது. பயந்துகொண்டு கக்கூஸ் போவதையே தள்ளிப்போடுகிறாள், இன்னும் இறுகுகிறது. பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். கழுவும்போது முன்னிருந்து பின்னால் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மஞ்சளும் சாம்பலும் பவுடரும் அங்கே போட வேண்டாம். இரண்டாம் வாரம் துணியில் வெள்ளை நூல்துண்டு கிடந்தால் தையல் பிரிந்துவிட்டதென்று அலறிக்கொண்டு ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை, அது தன் வேலையை முடித்துக்கொண்டு விழுகிற நூல். ஆனால் காய்ச்சல், கெட்ட வாடை, நாளுக்கு நாள் கூடுகிற வலி, அடங்காத காற்றோ மலமோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணைப் போன்றவர்கள் தாங்களாக வந்து சொல்ல மாட்டார்கள். குழந்தையின் கண்பீளைக்கு வருவார்கள், தங்கள் வலியை நின்றுகொண்டே மறைப்பார்கள். ஆகவே வீட்டில் இருக்கிற தாயாருக்கும், மாமியாருக்கும், முக்கியமாகக் கணவருக்கும் சொல்கிறேன். பிள்ளை பிறந்த பத்தாம் நாள் அவளிடம் போய், "உட்கார முடியுதா?" என்று கேளுங்கள். முடியவில்லை என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, பிரசவம் பார்த்த இடத்துக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தையலை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும், விரல் வைத்தும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அது அவளுடைய உரிமை.